உழவர் என்பவர் யார்?
வகைமாறிகளும் தஞ்சை வயலும்

1

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. அதற்குப் பிந்திய மாதங்களில் திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில் நண்பர்கள் சிலர் சேர்ந்து ஊர் ஊராக வீட்டுக்கணக்கு எடுத்தோம். நிவாரணம் யார் கைக்கு வந்தது, யாருக்கு வரவில்லை என்பதை எழுதி வைக்க வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். நோட்டில் வந்ததைக் கணிப்பொறியில் ஏற்றி அட்டவணை போடுவது என் பங்கு. அவ்வப்போது வீடுகளுக்கும் போனேன்.

'தொழில்' என்ற கேள்விக்கு நாலு கட்டம் அச்சடித்திருந்தோம்: உழவர், விவசாயக் கூலி, வீட்டுத் தொழில், பிற. 2001, 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் உள்ள அதே நாலு. அரசாங்க எண்களோடு ஒப்பிட வசதியாக இருக்கும் என்று யோசனை சொன்னவன் நான்தான்.

ஒரு வீட்டில் ஐம்பது வயது மதிக்கத்தக்க அக்கா ஒருவரிடம் கேட்டேன்.

“தொழில் என்னங்கக்கா?”

“எதைத் தம்பி சொல்ல? எங்க பங்கா அரை மா கெடக்கு. கோயில் நெலம் மூணு மா குத்தகை, அது எங்க மாமனார் பேருலதான் ஓடுது. நடவு, களையெடுப்புன்னா கூலிக்குப் போவேன். நூறு நாள் வேலை வந்தா அதுக்கும் போவேன். ஆடு ரெண்டு நிக்குது. நீங்க எதுல எழுதப் போறீங்க?”

'உழவர்' என்று எழுதினேன். எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த கேள்வியைப் போட்டார்: “அப்ப பண்ணை வீட்டுக்கு என்ன எழுதுனீங்க?”

அங்கேயும் 'உழவர்' என்றுதான் எழுதியிருந்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆட்டைப் பிடித்துக் கட்டப் போய்விட்டார்.

2

புள்ளியியலில் மாறிகளைப் பொதுவாக இரண்டாகப் பிரிப்பார்கள். 'எத்தனை' என்ற கேள்விக்கு வரும் விடை எண்மாறி. நெல் 12 மூட்டை என்றால் அதை இரண்டால் வகுக்கலாம், அடுத்த வீட்டு மூட்டையோடு கூட்டலாம், சராசரி எடுக்கலாம். 'எது', 'எந்த வகை' என்ற கேள்விக்கு வரும் விடை வகைமாறி. நஞ்சையா புஞ்சையா, என்ன தொழில், என்ன சாதி, எந்த மாவட்டம்: இவற்றைக் கூட்டவோ வகுக்கவோ முடியாது, எண்ணத்தான் முடியும். சில வகைகளுக்கு வரிசை உண்டு. 1 ஹெக்டேருக்குக் கீழே குறு விவசாயி, 1 முதல் 2 வரை சிறு விவசாயி என்று போகிற பட்டியல் அப்படிப்பட்டது. வரிசை இருக்கிறது; ஆனால் படிகளுக்கு இடையே உள்ள தூரம் சமமில்லை.

கணிப்பொறிக்குள் போனதும் எல்லாமே எண்ணாகிவிடும். உழவர் 1, கூலி 2, வீட்டுத் தொழில் 3, பிற 4. இந்த 4 இரண்டைப் போல இரு மடங்கு கிடையாது. பஸ் நம்பர் மாதிரிதான். 8ஆம் நம்பர் பஸ் 4ஆம் நம்பரைவிட இரண்டு மடங்கு தூரம் போகும் என்று யாரும் சொல்வதில்லை அல்லவா?

நான் பயன்படுத்தியது 'ஆர்' என்ற ஓரெழுத்துப் பெயர் கொண்ட மொழி. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்கா, ராபர்ட் ஜென்டில்மன் இருவரும் 1990களின் தொடக்கத்தில் உருவாக்கத் தொடங்கியது. பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்த 'எஸ்' மொழியின் வாரிசு. காசில்லாமல் கிடைக்கிறது, சிறு குழுக்களுக்கு அதுவே பெரிய விஷயம். அதில் வகைமாறிக்கு 'ஃபேக்டர்' என்று பெயர். ஒவ்வொரு ஃபேக்டரோடும் அனுமதிக்கப்பட்ட விடைகளின் பட்டியல் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். 'லெவல்கள்' என்பார்கள். நம் படிவத்துக் கட்டங்கள்தான் அவை.

3

முதலில் என் அசட்டுத்தனம் ஒன்று. 'நிலம் எத்தனை மா' என்று ஒரு பத்தி வைத்திருந்தோம். (ஒரு மா சுமார் 33 சென்ட், 20 மா ஒரு வேலி.) நோட்டுகளில் 1, 2, 5, 10, 20 என்று எண்கள் வந்தன. நிலம் இல்லாத வீட்டுக்கு நண்பர்கள் 'இல்லை' என்று எழுத்தில் எழுதியிருந்தார்கள். ஒரே ஒரு 'இல்லை' போதும், முழுப் பத்தியையும் ஆர் எழுத்தாக எடுத்துக்கொள்ளும். 2020 ஏப்ரலில் வந்த 4.0 பதிப்பு வரைக்கும் அப்படிப்பட்ட பத்தியை, நாம் கேட்காமலேயே, ஃபேக்டராகவும் ஆக்கிவிடும். என்னுடையது அதற்கு முந்திய பதிப்பு.

லெவல்களை அது அகராதி வரிசையில் அடுக்கியது: 1, 10, 2, 20, 5, இல்லை. இவற்றுக்கு உள்ளே கொடுத்த குறியெண்கள் 1 முதல் 6 வரை. நான் அந்தப் பத்தியை 'எண்ணாக மாற்று' என்றேன். நோட்டில் இருந்த எண்ணைத் தராமல் குறியெண்ணைத் தந்தது. 10 மா வைத்திருந்தவருக்கு 2. 2 மா வைத்திருந்தவருக்கு 3. ஒரு வேலிக்காரருக்கு 4. 5 மாக்காரருக்கு 5. நிலமே இல்லாதவருக்கு 6! ஒரே கட்டளையில் நிலச்சீர்திருத்தம் முடிந்துவிட்டது. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. சராசரி கேட்டேன், அதையும் தந்தது.

இது சிரித்துவிட்டுத் திருத்தக்கூடிய பிழை. 'இல்லை' என்பதை 0 என்று நாமே முடிவுசெய்து, முதலில் எழுத்தாக மாற்றி, பிறகு எண்ணாக மாற்ற வேண்டும். அடுத்தது அப்படிப்பட்டதல்ல.

என் நாலு கட்டத்துக்குள் அடங்க மறுத்த நண்பர்கள் சிலர், படிவத்தின் ஓரத்தில் 'குத்தகை' என்றும் 'வாரம்' என்றும் எழுதி வந்திருந்தார்கள். அதை அப்படியே ஏற்றினேன். பிறகு ஆரிடம், இந்தப் பத்தியின் லெவல்கள் இந்த நாலுதான் என்று பட்டியலைக் கொடுத்தேன். பட்டியலில் இல்லாத விடைகளை அது 'என்.ஏ.' ஆக்கியது, விவரம் இல்லை என்று பொருள். எச்சரிக்கை கிடையாது. பிறகு அட்டவணை கேட்டால், தனியாகச் சொல்லாதவரைக்கும் என்.ஏ.க்களை அது காட்டாது. சதவீதத்தைக் கூட்டினால் சரியாக நூறு வருகிறது. குத்தகைக்காரர்கள் மட்டும் எங்கேயும் இல்லை. அவர்கள் விடை சொல்லவில்லை என்பதில்லை, சொன்னார்கள்; கேட்கிறவனிடம் அதற்குக் கட்டம் இல்லை.

4

சரி, இந்த நாலு கட்டம் எங்கிருந்து வந்தது? சுதந்திர இந்தியாவின் முதல் கணக்கெடுப்பான 1951இல் நிலத்தை ஒட்டி வாழ்கிறவர்களுக்கு என்றே நாலு வகுப்புகள் இருந்தன. ஒன்று, நிலத்தை முழுதுமாகவோ பெரும்பாலுமோ சொந்தமாக வைத்துப் பயிரிடுவோரும் அவர்களைச் சார்ந்தோரும். இரண்டு, முழுதுமாகவோ பெரும்பாலுமோ பிறர் நிலத்தைப் பயிரிடுவோர். மூன்று, சாகுபடிக் கூலிகள். நான்கு, தாம் பயிரிடாமல் குத்தகை வரும்படியில் வாழும் நிலவுடைமையாளர். தஞ்சைப் பேச்சில் சொன்னால் சொந்தக்காரர், குத்தகை-வாரதாரர், ஆள், மிராசு. குறைகள் உண்டு, ஆனால் யார் யாருக்கு நெல் அளக்கிறார்கள் என்ற உறவு அந்தப் பட்டியலில் தெரிந்தது.

1961இல் பட்டியல் மாறியது. தொழிலாளர் ஒன்பது வகை ஆனார்கள்; நிலத்தில் இருப்போருக்கு இரண்டே கட்டம்: உழவர், விவசாயக் கூலி. சொந்தக்காரரும் குத்தகைக்காரரும் ஒரே கட்டத்துக்குள் போனார்கள். குத்தகை மட்டும் வாங்கிக்கொண்டு இருப்பவர் ஓய்வூதியக்காரரோடு சேர்ந்து 'வேலை செய்யாதோர்' பக்கம் போனார். 2001இல் ஒன்பது நாலாகச் சுருங்கியபோதும் முதல் இரண்டு கட்டங்கள் அப்படியே நின்றன.

'உழவர்' என்பதற்குக் கணக்கெடுப்பு தரும் வரையறையை நிதானமாகப் படிக்க வேண்டும். சொந்த நிலமோ, அரசு நிலமோ, பணத்துக்கோ தானியத்துக்கோ பங்குக்கோ பிறரிடம் பெற்ற நிலமோ, அதில் சாகுபடி செய்பவர் உழவர். சாகுபடியை மேற்பார்வையிடுவதும் நடத்துவதும்கூட சாகுபடிதான். வரப்பில் குடை பிடித்து நிற்பவரும் சேற்றில் குனிந்து நிற்பவரும் 1ஆம் எண்ணுக்குள் வந்துவிடுகிறார்கள். அக்காவின் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லாமல் போனதற்குக் காரணம் இந்த வரையறைதான். நிரலில் பிழை இல்லை. ஒன்றாக்கப்பட்டதைப் பிரித்துக் காட்ட எந்த நிரலாலும் முடியாது.

இதே காலத்தில் சட்டம் வேறு திசையில் போய்க்கொண்டிருந்தது. 1952இல் தஞ்சைக்கென்றே குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம். 1955இல் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம். 1969இல் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம். சட்டத்துக்குக் குத்தகைதாரர் என்ற வகை தேவைப்பட்டது. வீடுவீடாகப் போகிற முழுக் கணக்கெடுப்போ அதைக் கைவிட்டிருந்தது. மாதிரி ஆய்வுகள் குத்தகையைப் பற்றிக் கேட்கத்தான் செய்கின்றன. ஆனால் அவற்றிலிருந்து ஓர் ஊரின் கணக்கை எடுக்க முடியாது. நமக்கு வேண்டியது ஊர்க்கணக்கு.

வகைகள் இருப்பதை விவரிப்பதோடு நிற்பதில்லை, ஆட்களை நகர்த்தவும் செய்யும். 1952 சட்டம் 'பண்ணையாள்' யார் என்று வரையறுத்து அவருக்கு ஊதியத்தையும் பாதுகாப்பையும் எழுதியது. பல மிராசுதார்கள் என்ன செய்தார்கள்? பண்ணையாளை நிறுத்திவிட்டு அதே ஆளை அதே வயலில் தினக்கூலியாக வைத்துக்கொண்டார்கள். ஆள் மாறவில்லை, லெவல் மாறிவிட்டது. வகைப்படுத்தல் மனிதர்களை 'உண்டாக்குகிறது' என்று இயன் ஹாக்கிங் 1986இல் எழுதியபோது அவர் மனதில் இருந்தவை மருத்துவமும் புள்ளிவிவரமும். தஞ்சையில் அது முப்பது வருஷத்துக்கு முன்பே வயலில் நடந்துவிட்டது.

5

'விளிம்பு' என்ற சொல்லைச் சிறுபத்திரிகை வாசகர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கணக்கெடுப்பிலும் விளிம்புத் தொழிலாளர் உண்டு. ஆனால் அங்கே அதற்கு நாள்கணக்கு. 1981 முதல், வருஷத்தில் 183 நாளுக்குக் குறையாமல் வேலை செய்தவர் முதன்மைத் தொழிலாளர். அதற்குக் கீழே விளிம்பு. எண்மாறி ஒன்றை வெட்டி வகைமாறி ஆக்கும் வேலை இது. 182 நாளும் 183 நாளும் இரண்டு வகை. 183ம் 365ம் ஒரே வகை.

டெல்டாவில் நாள்கணக்கைத் தீர்மானிப்பது மேட்டூர் தண்ணீர். 1934இல் திறக்கப்பட்ட அணை. குறுவைக்கு ஜூன் 12இல் திறப்பது வழக்கம். 2012 முதல் 2019 வரை எட்டு வருஷம் அந்தத் தேதியில் திறக்கவில்லை, 2020இல்தான் திறந்தார்கள். குறுவை போனால் ஒரு போகத்து நடவும் களையும் அறுப்பும் போகும். அறுப்புக்கு இயந்திரம் வந்தபின் மிச்சமும் குறைந்தது. முதன்மையாக இருந்தவர் விளிம்புக்குப் போவதற்கு அவர் எதுவுமே செய்ய வேண்டியதில்லை.

பெண்கள் விஷயம் இன்னும் மோசம். 1961இல் நாடு முழுக்க வேலை செய்யும் பெண்கள் கிட்டத்தட்ட 6 கோடி. 1971இல் அது 3 கோடியை ஒட்டி வந்து நின்றது. பத்து வருஷத்தில் பாதிப் பெண்கள் களத்தை விட்டு வீட்டுக்குப் போய்விட்டார்களா? 1971இல் கேள்வியை மாற்றினார்கள். 'உங்கள் முக்கியமான செயல் எது' என்று முதலில் கேட்டார்கள். நடவு முடித்து வந்து சோறு வடிக்கிறவரின் முக்கியச் செயல் வீட்டுவேலை ஆயிற்று.

லெவலின் பெயர் மாறாமல் உள்ளிருப்பது மாறும் கதையும் உண்டு. 1991 கணக்கெடுப்பின் 'தஞ்சாவூர்' பிரிக்கப்படாத பழைய மாவட்டம். அதே வருஷம் அக்டோபரில் நாகப்பட்டினமும் 1997இல் திருவாரூரும் 2020இல் மயிலாடுதுறையும் தனியாயின. 1991, 2011 கோப்புகளை ஒட்டினால் 'தஞ்சாவூர்' என்ற லெவல் இரண்டிலும் அழகாகப் பொருந்தும். கணிப்பொறி மகிழ்ச்சியோடு ஒப்பிட்டுத் தரும். ஆனால் 2011இல் தஞ்சாவூர் மாவட்ட மக்களில் பட்டியல் சாதியினர் நூற்றுக்கு சுமார் 19. திருவாரூரில் சுமார் 34. கீழத்தஞ்சையைக் கழித்துவிட்டுத் 'தஞ்சாவூரில் தலித்துகள் குறைந்துவிட்டார்கள்' என்று எழுதுவது எவ்வளவு சுலபம்!

6

சாதியா வர்க்கமா என்று நாம் பக்கம் பக்கமாகச் சண்டை போட்டிருக்கிறோம். 1968 டிசம்பர் 25இல் வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டது கூலிப் பிரச்சினையா சாதிப் பிரச்சினையா என்பது அந்தச் சண்டையின் நிரந்தர வடிவம். புள்ளியியல் இந்தச் சண்டையைத் தீர்த்துவைக்காது. கேள்வியைக் கொஞ்சம் சரியாகப் போட உதவும். இரண்டு வகைமாறிகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்துப் பார்க்கலாம். கூலியாக இருப்பதன் விளைவு எல்லாச் சாதியிலும் ஒன்றுதானா, இல்லை தலித் கூலிக்கு வேறா? 'இடைவினை' என்று சொல்வது இதைத்தான். வெண்மணியில் செத்தவர்கள் கூலி கேட்ட குடும்பங்களைச் சேர்ந்தவர்கள், தலித்துகள். இரண்டில் ஒன்றை எடுத்துவிட்டால் அந்த இரவு விளங்காது.

அட்டவணையைப் போட உட்கார்ந்தால் ஒரு சங்கடம். பட்டியல் சாதியினரின் தொழில் விவரம் கணக்கெடுப்பில் தனியாகக் கிடைக்கிறது. மற்ற சாதிகளைத் தனித்தனியாகச் சொல்லும் அட்டவணை 1931க்குப் பிறகு இல்லை. கட்டங்கள் மூன்றே: பட்டியல் சாதி, பழங்குடி, ஏனையோர். நிலம் வைத்திருந்த பிராமணர், வேளாளர், முதலியார், நாயுடு, அவர்களோடு நிலமில்லாத கள்ளர், படையாட்சி, வண்ணார், நாவிதர் எல்லோரும் 'ஏனையோர்'. தொழில் பட்டியலின் 'பிற'வில் ஏழைகள் காணாமல் போகிறார்கள். சாதிப் பட்டியலின் 'ஏனையோ'ரிலோ நிலம் வைத்திருப்பவர் பத்திரமாக ஒளிந்துகொள்கிறார். கணக்குக் கொடுக்க வேண்டியவர்கள் தலித்துகள் மட்டும் என்றாகிறது. 2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாகக் கொண்ட கணக்கெடுப்பில் சாதி கேட்கப்படும் என்று ஒன்றிய அரசு 2025இல் அறிவித்திருக்கிறது.

அப்படியானால் கட்டமே வேண்டாம், மக்கள் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளலாமே என்று நண்பர்கள் கேட்கலாம். 2011 சமூகப் பொருளாதார சாதிக் கணக்கெடுப்பில் அப்படித்தான் எழுதினார்கள். 1931இல் 4,147ஆக இருந்த சாதிப் பெயர்கள் 46 லட்சத்தைத் தாண்டின என்று ஒன்றிய அரசு 2021இல் உச்சநீதிமன்றத்தில் சொன்னது. சாதி, உட்பிரிவு, குலப்பெயர், எழுத்துப்பிழை எல்லாம் தனித்தனி லெவல்களாகிவிட்டன. எங்கள் சின்னக் கோப்பிலேயே 'குத்தகை', 'குத்தகைக்காரர்', 'கோயில் குத்தகை' மூன்றும் மூன்று லெவல். பின்னால் ஒரு இடைவெளி விழுந்த 'குத்தகை ' நாலாவது. ஆகவே சேர்த்துத்தான் ஆக வேண்டும். யார் சேர்க்கிறார்கள், சேர்க்கப்படுகிறவர்கள் கேட்டுத்தான் சேர்த்தார்களா என்பதுதான் விஷயம். பள்ளர், குடும்பர் உள்ளிட்ட ஏழு பெயர்கள் 2021 சட்டத் திருத்தத்தால் 'தேவேந்திரகுல வேளாளர்' என்ற ஒரே பெயருக்குள் வந்தது அந்த மக்கள் பல ஆண்டு போராடிக் கேட்டதால். 'குத்தகைக்காரர்' என்ற கட்டத்தை 1961இல் எடுத்தபோது எந்தக் குத்தகைக்காரரையும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இது வெறும் சொல்லாடல் விவகாரம் கிடையாது. 2019இல் வந்த பிரதமர் கிசான் திட்டம் விவசாயக் குடும்பத்துக்கு வருஷம் 6,000 ரூபாய் தருகிறது. அங்கே 'விவசாயி' என்றால் பதிவேட்டில் தன் பேரில் நிலம் உள்ளவர். கணக்கெடுப்பில் 'உழவர்' ஆன குத்தகைக்காரர் இங்கே விவசாயி இல்லை. ஒரே ஆள், எண்ணும்போது உள்ளே, கொடுக்கும்போது வெளியே.

7

நாங்கள் கடைசியில் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். இதே வேலையில் இறங்குகிற தோழர்களுக்குப் பயன்படலாம். மக்கள் சொன்ன விடையைச் சொன்ன சொல்லிலேயே ஒரு பத்தியில் வைத்தோம். அதை யாரும் திருத்தக்கூடாது. நம் கட்டங்கள் பக்கத்துப் பத்தியில். எந்தச் சொல்லை எந்தக் கட்டத்தில் போட்டோம் என்று தனித் தாளில் எழுதினோம். ஒவ்வொரு அட்டவணையிலும் என்.ஏ. எத்தனை என்று கடைசி வரியில் அச்சிட்டோம். வகைகளை ஒப்பிடும்போது ஆர் அகராதியில் முதலில் வரும் லெவலை அளவுகோலாக எடுத்து மற்றவர்களை அதிலிருந்து எவ்வளவு விலகல் என்று காட்டும். அளவுகோலை மாற்றினால் மொத்தக் கணிப்பு மாறாது, யாரை இயல்பு என்று வைத்துப் பேசுகிறோம் என்பது மாறும். நிலமில்லாத கூலியை அளவுகோலாக நாங்களே வைத்தோம்.

முக்கியமாக, 'தொழில்' என்ற ஒற்றைப் பத்தியை உடைத்தோம். ஒருவரே சொந்தக்காரராகவும் குத்தகைக்காரராகவும் கூலியாகவும் இருக்கிறார் என்பதைத் திருவையாற்றுப் பக்கம் 1961-62இல் களப்பணி செய்த ஆந்த்ரே பெத்தேய் 1965லேயே எழுதிவிட்டார். அதனால் சொந்தம், குத்தகை, கூலி, நூறு நாள் வேலை, கால்நடை, நிலத்தைக் குத்தகைக்கு விடுதல் என்று ஆறு பத்திகள். ஒவ்வொன்றிலும் உண்டு என்றால் 1, இல்லை என்றால் 0. சதவீதம் கூட்டினால் நூறைத் தாண்டும். தாண்டட்டும், வாழ்க்கையும் தாண்டித்தான் இருக்கிறது.

திருத்திய தாளை எடுத்துக்கொண்டு அந்த அக்கா வீட்டுக்குப் போனேன். அவருக்கு 1, 1, 1, 1, 1, 0. பண்ணை வீட்டுக்கு 1, 0, 0, 0, 0, 1. இரண்டு வரியையும் வாசித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டே இருந்தவர் சொன்னார்:

“எல்லாம் சரி தம்பி. குத்தகை யாரு பேருல இருக்குன்னு ஒரு கட்டம் போட்டீங்களா? எங்க மாமனார் செத்து பன்னெண்டு வருசம் ஆச்சு. பயிர் நட்டம்னு மனு குடுத்தா, அவரக் கூட்டிக்கிட்டு வாங்கங்கறாங்க.”

போடவில்லை. அங்கேயே உட்கார்ந்து ஏழாவது பத்தியைக் கோடு கிழித்தேன். பழைய நோட்டுகளில் அதற்கு விடை இல்லை. எல்லா வீட்டுக்கும் மறுபடி போக வேண்டியிருந்தது.